வேடந்தாங்கல் ஏரிக்கரைக்கு எல்லோரும் வரவேண்டும்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மழை முடிந்து வேடந்தாங்கல் ஏரி நிரம்பி, கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் மரங்களில் கூடு கட்டும் காலத்தில், நடக்க முடியாதவர்களும் அந்தக் கரையில் இருக்க வேண்டும். செங்கல்பட்டு வட்டார மாற்றுத்திறனாளிகளும் அவர்கள் வீட்டாரும் சேர்ந்த எங்கள் குழு அதற்காகவே உங்களிடம் வருகிறது.

2022 நவம்பரில் மெரினாவில், சக்கர நாற்காலியில் கடலருகே போக 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. செலவு ஒரு கோடிக்கு மேல். மறு மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்த, மீண்டும் சரிசெய்தார்கள். அரசால் முடியும், நம்மால் முடியாது. பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-லேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுதி வாங்கிய ஊரில், நாம் போய்ப் பாதைக்காக ஜல்லி கொட்டுவதும் முறையல்ல. எனவே தரையை விட்டுவிட்டுச் சக்கரத்தை மாற்றுகிறோம்.

சாதாரணச் சக்கர நாற்காலியின் முன்சக்கரம் சிறியது. ஈரமண்ணில் புதைந்து நின்றுவிடும். பின்னாலிருந்து தள்ளத் தள்ள, உட்கார்ந்திருப்பவர்தான் முன்னால் சரிவார். காற்றழுத்தம் குறைந்த அகலச் சக்கரம் எடையைப் பரப்பிக்கொண்டு உருளும். அப்படி இரண்டு நாற்காலிகள் வாங்கி, கேட்பவர்களுக்கெல்லாம் முறைவைத்துக் கொடுப்போம்.

பார்வைக் கோபுரத்துக்குச் சாய்தளம் கேட்கலாமே என்றார்கள் சிலர். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு. 20 அடி ஏற 240 அடி வேண்டும். அதற்குப் பதில், உட்கார்ந்தபடியே கண்ணை வைக்க, தாழ்வான முக்காலித் தாங்கியில் பொருத்திய ஒரு தொலைநோக்கி போதும். பார்வையற்ற நண்பர்களுக்குக் கருவியே வேண்டாம். மாலையில் இரையோடு திரும்பும் பறவைகளும் பசித்த குஞ்சுகளும் போடும் கூச்சலில், எந்தக் குரல் யாருடையது என்று பக்கத்தில் நின்று சொல்ல ஆள்தான் வேண்டும். உங்களுக்குப் பறவைகளைத் தெரியுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுங்கள்.

எல்லோரும் சொல்லத் தயங்கும் செலவு ஒன்று உண்டு: கழிப்பறை. வெளியூர்ப் பயணம் என்றாலே முந்தைய இரவிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வரும் பெண்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். நாள் முழுக்க வெயிலில் அப்படி இருப்பது உடம்புக்கு ஆபத்து. அகல வாசலும் கைப்பிடியும் உள்ள, வேனில் ஏற்றிச் செல்லக்கூடிய கழிப்பறைக் கூடாரம் வேண்டும். திறப்பு விழாப் படத்துக்கு இது எடுபடாதுதான். ஆனாலும் பணம் சேர்ந்ததும் முதலில் வாங்கப்போவது இதையே.

வேனில் ஏறும் மடிப்புப் பலகையையும் சேர்த்து மொத்தம் மூன்று லட்சம் ரூபாய் ஆகும். ஒரு லட்சத்தை எங்களுக்குள் திரட்டிவிட்டோம். மீதிக்கு நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. வரவுசெலவுக் கணக்கு பொங்கலுக்குப் பிறகு பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும். கொடுப்பவர் பெயரை நாற்காலியின் முதுகில் எழுதும் வழக்கம் மட்டும் எங்களிடம் இல்லை. உட்கார்ந்திருப்பவர் விளம்பரப் பலகை அல்லர்.

புரட்டாசி முடிவதற்குள் பணம் கிடைத்தால் மழைக்கு முன்பே வாங்கி, தள்ளிப் பழகிக்கொள்ள முடியும். பொருளாளரிடம் நேரில் கொடுக்கலாம். வர இயலாதவர்கள் சொல்லியனுப்பினால் நாங்களே வீட்டுக்கு வந்து பெற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குழுவினர்