ஷூ அளவு என்ன?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுத நேரமே இல்லை: முகூர்த்த நாள்கள், ஹோட்டல் கிச்சனில் ஆள் பற்றாக்குறை. நானே தோசைக்கல் முன்னால் நின்றேன் என்றால் பார்த்துக்கொள். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் நிம்மதி.

சரி, உன் மகன் விஷயம். செஃப் ஆகப் போகிறேன் என்று அவன் சொல்கிறான், அவனை நான் கெடுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். சத்தியமாக இல்லை. பொங்கலுக்கு வந்தபோது என் கத்திப் பையைப் பிரித்துப் பார்த்தான், அவ்வளவுதான்.

படிக்க வேண்டுமென்றால் சென்னை தரமணியில் மத்திய அரசின் ஹோட்டல் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. 3 வருட பி.எஸ்சி.; அதற்கு என்.சி.எச்.எம். என்ற தேசிய நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். அடுப்படி மட்டும் போதும் என்றால் ஒன்றரை வருட கிராஃப்ட் கோர்ஸும் உண்டு. தனியார் கல்லூரி என்றால், டிரெயினிங்குக்கு எந்த ஹோட்டலுக்கு அனுப்புகிறார்கள் என்று பழைய மாணவர்களிடம் விசாரி. கட்டடத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதே.

எங்கே படித்தாலும் கமியாகத்தான், அதாவது கிச்சனின் கடைநிலை ஆளாகத்தான் தொடங்க வேண்டும். கமி 3, 2, 1, அப்புறம் டெமி, சி.டி.பி. (கிச்சனில் ஒரு பிரிவுக்குப் பொறுப்பாளர்) என்று ஏறி நான் சூ செஃப், அதாவது தலைமைச் செஃப்புக்கு அடுத்த ஆள் ஆக 12 வருடம் பிடித்தது. முதல் ஆறு மாதம் வெங்காயம்தான். ஒருநாள் ஒரு ட்ரே வெங்காயத்தைச் செஃப் திருப்பிக் கொடுத்து, "இதெல்லாம் சூப்புக்கு வேகவைக்கும் ஸ்டாக்குக்குப் போகட்டும், வேறு வெட்டு" என்றார். பாத்ரூமில் போய் அழுதேன். பிறகு நானே கிரேவி வதக்கும்போதுதான் புரிந்தது: எல்லாம் ஒரே அளவாக இல்லையென்றால், சின்னத் துண்டு கருகும்போது பெரிய துண்டு பச்சையாகவே கிடக்கும், கருகிய கசப்பு மொத்தக் குண்டானுக்கும் இறங்கிவிடும்.

டிவியில் தட்டை அலங்கரிப்பதைத்தான் காட்டுகிறார்கள். பிரேக் ஷிஃப்டை யாரும் காட்டுவதில்லை. காலையில் போய், மதியம் மூன்று மணி நேரம் லாக்கர் ரூமில் படுத்து, திரும்ப ராத்திரி பதினொன்றரை வரை நிற்க வேண்டும். எங்கள் போன கல்யாண நாளன்று நான் 600 பேர் கல்யாணத்துக்குப் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டில் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

அவனை இந்த லீவில் உங்கள் ஊர்க் கல்யாணச் சமையல் மாஸ்டரிடம் இரண்டு மாதம் விடு. சம்பளம் கேட்க வேண்டாம். தேங்காய் துருவட்டும், அண்டா தேய்க்கட்டும். "சமைக்கப் பிடிக்கும்" என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். விடியக்காலை மூன்று மணிக்கு எழுப்பினால் முணுமுணுக்காமல் கிளம்புகிறானா என்று பார்த்து எழுது.

அப்படியே அவன் கால் அளவையும் எழுது. எண்ணெய்த் தரையில் வழுக்காத ஷூ இங்கே நல்லதாகக் கிடைக்கும், வாங்கி வைக்கிறேன்.

உன்,
கணேசன்