ஒவ்வொரு பிரதிக்கும் ஓர் எண்

அன்புள்ள கண்ணாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது மனதிலேயே நிற்கிறது. ஏற்கெனவே கையில் இருக்கிற விளையாட்டு வீரர் கார்டையே மறுபடியும் காசு கொடுத்து வாங்கிவிட்டேன், இது மூன்றாவது தடவை என்றாய். குரலில் சலிப்பு தெரிந்தது. மொத்தத்தையும் விற்றுவிடலாமா என்றுகூட ஒரு வார்த்தை விட்டாய். அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவோம்.

போன தடவை உன்னோடு வந்து இருந்தபோது, நீ வேலைக்குப் போன பிறகு உன் கார்டுப் பெட்டிகளில் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, நினைவிருக்கிறதா? நான்கு நாள், ஒரே பெட்டி. அந்த ஆட்டக்காரர்களில் பத்துப் பேரைக்கூட எனக்குத் தெரியாது. ஆனால் முப்பத்தோரு வருடம் நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போட்ட கை இது. பெட்டியைத் திறந்த அரை மணி நேரத்திலேயே சங்கடம் எங்கே என்று புரிந்துவிட்டது. எந்தக் கார்டு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் உன் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. நூறு கார்டு இருந்தபோது தலை போதுமாக இருந்தது. மூவாயிரத்துக்கு எப்படிப் போதும்?

நூலகத்துக்கு ஒரு புத்தகம் வந்தால், அது எந்தத் துறை, எந்த அலமாரி என்று யோசிப்பதற்கு முன்பே வரவுப் பதிவேட்டில் அதற்கு ஒரு வரி எழுதிவிடுவோம். அந்த வரியின் எண்ணைப் புத்தகத்திலும் போட்டுவிடுவோம். ஒரே புத்தகம் ஐந்து பிரதி வந்தால் ஐந்து வரி, ஐந்து எண். ஏனென்றால் இரண்டாவது பிரதியில் பக்கம் கிழிந்திருக்கும். நான்காவது பிரதி ஒருவர் நன்கொடையாகக் கொடுத்ததாக இருக்கும். தலைப்பு ஒன்றுதான், ஆனால் பொருள் ஐந்து. உன் எக்செல் கோப்பில் ஆட்டக்காரர் பெயருக்குப் பக்கத்தில் "3" என்று போட்டிருக்கிறாய். எந்த மூன்று? எங்கே இருக்கிற மூன்று? அந்த எண்ணிக்கையை எடுத்துவிடு, கண்ணா. மூன்று இருந்தால் மூன்று வரி எழுது. நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

சரி, அந்த வரியில் என்ன எழுதுவது? முதல் நாள் நான் பட்ட பாடு இதில்தான். முன்பக்கத்துப் படத்தைப் பார்த்து எழுதப் போய் நான்கு கார்டு தப்பாகப் போனது. கார்டின் அடையாளம் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. கார்டு எண் அங்கே இருக்கும். அடியில் பொடி எழுத்தில் காப்புரிமை வருடமும் நிறுவனத்தின் பெயரும் இருக்கும். அந்த வருடத்தை அப்படியே செட்டின், அதாவது ஒரே வரிசையாக வெளியிட்ட கார்டுத் தொகுப்பின், வருடம் என்று எழுதிவிடக் கூடாது. கூடைப்பந்து மாதிரி ஆட்டங்களில் ஒரு சீசன் இரண்டு வருடத்தில் விழுவதால், செட்டின் பெயரிலும் இரண்டு வருடம் சேர்ந்து வரும். வருடம், நிறுவனம், செட், கார்டு எண், ஆட்டக்காரர், இந்த ஐந்தும் இருந்தால் எந்தக் கார்டு என்பதில் சந்தேகம் வராது என்று நினைத்தேன். அப்புறம்தான் உன் பேரலல்கள் வந்து குழப்பின.

ஒரே படம், ஒரே எண், ஆனால் ஓரம் மட்டும் நீலம், இன்னொன்றில் மினுமினுப்பு, இன்னொன்றின் மூலையில் 12/99 என்று அச்சு. முதலில் எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கிவிட்டு, சாயங்காலம் நீ வந்து சொன்ன பிறகு பிரித்தேன். அந்த 12/99 என்பது அந்த வகையில் மொத்தமே 99 அடித்ததில் இது பன்னிரண்டாவது என்று நீ விளக்கியபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. அச்சடிக்கிறவர்களே பிரதிக்கு எண் கொடுத்திருக்கிறார்கள் பார்! ஆகவே பேரலல் பெயருக்கு ஒரு பத்தி, அச்சிட்ட வரிசை எண்ணுக்கு ஒரு பத்தி. நீ மூன்று தடவை வாங்கிய கார்டைக்கூட ஒருமுறை எடுத்துப் பார். சாதாரணமும் பேரலலும் கலந்திருந்தால் அவை இரட்டையே இல்லை.

அடுத்தது இடம். நீ ஆட்டக்காரர் பெயர்படி பிரித்து, பிறகு அணிபடி பிரித்து, நடுவில் விட்டுவிட்டாய். ஆட்டக்காரர் அணி மாறினால் பெட்டி மாற்றுவாயா? என் யோசனை இது. நீ முழுசாகச் சேர்க்கிற செட்கள் இருக்கின்றனவே, அவற்றைச் செட் வாரியாக, கார்டு எண் வரிசையில் வை. விடுபட்ட எண் கண்ணிலேயே தெரியும், வாங்க வேண்டிய பட்டியல் தானாகவே உண்டாகிவிடும். மற்ற எல்லாவற்றையும் வந்த வரிசையிலேயே வை. 1, 2, 3 என்று வரவு எண் ஏறிக்கொண்டே போகட்டும். ஆட்டக்காரர் வாரியாக, வருட வாரியாகப் பிரித்துக் காட்டுகிற வேலையைக் கணினி ஒரு நொடியில் செய்துவிடும், கார்டுகள் இடம் மாற வேண்டியதே இல்லை. கையால் ஒவ்வொரு தடவையும் கலைத்து அடுக்கும்போதுதான் மூலைகள் மழுங்குகின்றன. பெயர் வரிசை பார்க்க அழகாக இருக்கும் என்று நீ சொல்வாய். பார்த்து ரசிக்கிறவற்றை ஒரு பைண்டரில் வைத்துக்கொள், பட்டியலில் "பைண்டர் 1, பக்கம் 6" என்று இருந்தால் போதும்.

பெட்டிக்கு ஓர் எண், உள்ளே வரிசைக்கு ஓர் எண், நடுவில் ஐம்பது கார்டுக்கு ஒரு தடுப்பட்டை. வரவு எண்ணைக் கார்டில் எழுதவே கூடாது, ஸ்லீவ் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்ட பிறகு மேலே எழுதினாலும் அழுத்தம் உள்ளே பதியும். சின்னத் தாளில் முதலில் எழுதி, டாப்லோடர் என்கிற கெட்டி பிளாஸ்டிக் உறையின் வெளிப்பக்கத்தில் ஒட்டு. ஸ்லீவோடு மட்டும் இருப்பவற்றுக்கு, தடுப்பட்டையில் "451 முதல் 500 வரை" என்று இருந்தாலே கண்டுபிடித்துவிடலாம்.

எந்தப் பெட்டியையும் வாய்வரை அடைக்காதே. நூலகம் வளர்கிற உயிர் என்று நூலக அறிஞர் ரங்கநாதன் 1931இல் தன் ஐந்தாவது விதியாக வைத்தார். எங்கள் அன்றாட வேலையில் அதற்கு ஒரு பொருள்தான்: ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம் இடம் விட்டு வை. 800 கார்டு பெட்டி என்றால் அது உறையில்லாத மெல்லிய கார்டுக்குச் சொல்கிற கணக்கு. ஸ்லீவ் போட்டால் அவ்வளவு கொள்ளாது, டாப்லோடர் என்றால் இன்னும் குறையும். செட் வைக்கிற பெட்டியில் கால் பங்கு காலியாக விடு, விடுபட்ட எண்கள் நாளைக்கு வந்து சேர வேண்டும் அல்லவா?

உன் அலமாரியில் இருந்த பழைய பைண்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தத் தாள்கள் மெத்தென்று இருக்கின்றன, பிளாஸ்டிக் வாடை அடிக்கிறது. அது மென்மையான பி.வி.சி. என்றுதான் நினைக்கிறேன். அதை வளைய வைக்கச் சேர்க்கிற எண்ணெய் மாதிரியான பொருள் நாளாக நாளாக வெளியே கசிந்து கார்டில் ஒட்டும். எங்கள் நூலகத்தில் பழைய புகைப்படங்களை அப்படி ஒரு ஆல்பத்தில் போட்டு வைத்துவிட்டு, பிரிக்க முடியாமல் போன வேதனை எனக்குத் தெரியும். அதைப் போட்டவள் நான்தான். பாலிபுரோப்பிலீன் என்று எழுதியிருக்கிற ஒன்பது அறைத் தாள்களாக வாங்கி இந்த மாதமே மாற்றிவிடு. வளையம் வட்டமாக இல்லாமல் டி வடிவில் இருந்தால் முதல் பக்கத்துக் கார்டுகள் நசுங்காது. பளபளக்கிற குரோம் கார்டுகள் வில்லாக வளைகின்றன என்றாயே, அது ஈரப்பதத்தால். காகிதப் பக்கம் ஈரத்தை இழுத்து விரியும், பளபளப்புப் பக்கம் விரியாது. ஆகவே பெட்டிகளை வெளிச் சுவர் ஓரத்திலிருந்து எடுத்து உள் அறைக்கு மாற்று.

உன்னிடம் சொல்ல ஒரு மனிதரின் கதையும் வைத்திருக்கிறேன். ஊருக்குத் திரும்பிய பிறகு தேடித் தேடிப் படித்தேன். ஜெஃபர்சன் பர்டிக் என்று ஒருவர், அமெரிக்காவில் மின்சாதனப் பாகங்கள் பூட்டுகிற தொழிலாளி. மூட்டுவாதத்தால் கைகள் முடங்கிக்கொண்டே வந்தன. அந்தக் கைகளோடு கார்டுகளும் தபால் அட்டைகளும் விளம்பரத் தாள்களுமாக 3 லட்சத்துக்கும் மேல் சேர்த்து, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்கவில்லை. பல வருடம் அங்கேயே போய் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வகைப்படுத்தி ஆல்பங்களில் ஏற்றினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது, மார்ச்சில் இறந்துபோனார். உங்கள் ஆட்கள் டி206 என்கிறார்களே, 1909 முதல் 1911 வரை சிகரெட்டோடு வந்த பேஸ்பால் கார்டுகள், அந்தக் குறியீடு அவர் போட்டது. டி என்றால் இருபதாம் நூற்றாண்டுப் புகையிலைக் கார்டு. அவருக்கு முன்னால் அந்தக் கார்டுகளுக்குப் பொதுவான பெயரே கிடையாது. ஒருவர் இன்னொருவருக்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டுமானால் கார்டையே வர்ணிக்க வேண்டியிருந்தது. படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் கார்டுகளைப் பசை போட்டு ஒட்டினார், அதை மட்டும் பின்பற்றாதே.

கிரேடிங் செய்து, அதாவது ஒரு நிறுவனம் கார்டின் நிலைக்கு மதிப்பெண் போட்டு, ஸ்லாப் என்கிற கெட்டி பிளாஸ்டிக் கூட்டில் மூடி வந்தவற்றுக்கு, நிறுவனம், மதிப்பெண், லேபிளில் இருக்கிற சான்று எண், மூன்றையும் எழுது. கிரேடிங்குக்கு அனுப்பும் முன் இருபுறமும் படம் எடுத்துவிடு. "அனுப்பியது" என்று இடப் பத்தியில் தேதியோடு மாற்று. நூலகத்தில் புத்தகம் தைக்கப் போனால்கூட அப்படித்தான் எழுதுவோம். மதிப்பெண் மட்டும் போதும் என்று இருந்துவிடாதே. பி.எஸ்.ஏ. என்ற கிரேடிங் நிறுவனம் 1991இல் தொடங்கியபோது முதல் சான்று எண் பெற்றது பேஸ்பால் ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் ஒரு டி206 கார்டு, 10க்கு 8 மதிப்பெண். அதன் ஓரங்களை வெட்டிச் சீராக்கியதாக, முன்பு அதை வாங்கி விற்ற ஏல வணிகரே 2013இல் ஒப்புக்கொண்டார். அதனால்தான் யாரிடம், எப்போது, எவ்வளவுக்கு வாங்கினாய் என்ற மூன்று பத்தியும் வேண்டும் என்கிறேன். ரசீதையும் படம் எடுத்து வை. இன்றைய விலை என்று ஒரு பத்தி வைத்தால் அதற்குப் பக்கத்திலேயே தேதியும் வேண்டும், தேதி இல்லாத விலையை நம்ப முடியாது. வாரா வாரம் அதைத் திருத்தி மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், வருடத்துக்கு ஒரு முறை போதும். விற்றால் வரியை அழிக்காதே, விற்ற தேதியைப் போட்டு அப்படியே விடு. அந்த எண்ணை வேறு கார்டுக்குக் கொடுக்கவும் கூடாது. கோப்பின் ஒரு நகல் கணினிக்கு வெளியே இருக்கட்டும்.

மூவாயிரத்தையும் ஒரே மூச்சில் எழுத நினைத்தால் நீ மறுபடியும் விட்டுவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். இன்றிலிருந்து வாங்குகிற கார்டை, எண் போடாமல் பெட்டிக்குள் வைப்பதில்லை என்று மட்டும் இரு. பழையதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தடுப்பட்டை, ஐம்பது கார்டு, அவ்வளவுதான். கடைக்குப் போகும்போது பட்டியல் போனில் கூடவே வரும். வாங்குவதற்கு முன் செட்டையும் எண்ணையும் போட்டுத் தேடு.

கடைசியாக ஒன்று. நான்காம் நாள், நீ "இரட்டை, கொடுத்துவிடலாம்" என்று எழுதி வைத்திருந்த கட்டைப் பிரித்தேன். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தாய், ஓரத்தில் வெட்டு விழுந்திருந்தது, இனி அப்படிக் கட்டாதே. அதில் ஒரு கார்டு நான்கு மூலையும் மழுங்கி, நடுவில் மடிப்போடு இருந்தது. அதே கார்டு நல்ல நிலையில் உன் பைண்டரில் இருக்கிறது. பட்டியல்படி பார்த்தால் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் அந்த மடிப்பை எனக்குத் தெரியும். உனக்குக் கை முறிந்து கட்டுப் போட்டிருந்தபோது, அப்பா வேலை முடிந்து வரும் வழியில் வாங்கி வந்த பாக்கெட்டில் இருந்தது அது. அவருக்கு அந்த ஆட்டத்தின் விதிகூடத் தெரியாது. கடைக்காரரிடம் கேட்டு, அந்த ஆட்டக்காரர் பெயரை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்து உன்னிடம் ஒப்பித்தார். நீ அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினாய். அப்படித்தான் மடிந்தது.

அதற்கு ஸ்லீவ் போட்டு, டாப்லோடரில் வைத்து, 1 என்று எண் கொடுத்துவிட்டேன். யாரிடமிருந்து என்ற பத்தியில் "அப்பா" என்று எழுதியிருக்கிறேன். நிலை என்ற பத்தியில் மூலைகளையும் மடிப்பையும் உள்ளபடி எழுதினேன். பெட்டி 1, வரிசை 1, முதல் தடுப்பட்டைக்கு முன்னால் இருக்கிறது. தேதிப் பத்தி மட்டும் காலியாக இருக்கிறது. அது மழைக்காலம் என்று நினைவு, வருடம் சரியாக வரவில்லை. நீ அப்போது எந்த வகுப்பில் இருந்தாய் என்று யோசித்து நிரப்பிவிடு.

அன்புடன்,
அம்மா