வரப்பில் போன வீசம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உன் அம்மா வாங்கிவிடுவாள், அதனால்தான் கடுதாசி.

போன ஞாயிற்றுக்கிழமை சொன்னாய், "எல்லாம் இருக்குப்பா, ஆனா மனசுல ஒண்ணும் ஒட்ட மாட்டேங்குது" என்று. கொஞ்ச நேரம் கழித்து, ஆபீசில் கணக்கை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டி எழுதச் சொல்கிறார்கள், எல்லாரும் செய்வதுதான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நீ இரண்டு சேதியாகச் சொன்னாய். என் காதில் ஒரே சேதியாகத்தான் விழுந்தது.

பத்து நாள் தியான வகுப்புக்குப் போவதாகச் சொன்னாயே, தாராளமாகப் போய் வா. அதற்கு முன்னால் புத்தர் ஒரு வியாபாரிக்குச் சொன்னதைக் கேள். அனாதபிண்டிகர் என்று பெயர். ஜேதவனத்தைப் பொற்காசு பரப்பி வாங்கினார் என்பார்களே, அவர்தான். துறவி இல்லை, உன்னைப்போலக் குடும்பஸ்தர். அவருக்கு நாலு சுகம் சொல்கிறார் புத்தர். நேர்வழியில் சம்பாதித்த பொருள் கையில் இருக்கிற சுகம். அதைத் தானும் அனுபவித்து நல்லதுக்கும் கொடுக்கிற சுகம். கடன் இல்லாத சுகம் (உன் வீட்டுக்கடன் ஞாபகம் வந்தால் இந்த இடத்தைத் தாண்டிப் படி). நாலாவது, செய்கையிலும் பேச்சிலும் மனசிலும் குற்றம் இல்லாத சுகம். மற்றதெல்லாம் இந்த நாலாவதில் பதினாறில் ஒரு பங்குக்கு ஆகாது என்கிறார். பதினாறில் ஒன்று, நம் பழைய கணக்கில் வீசம்.

பஞ்சசீலத்தை நான் விளக்க வேண்டாம். கொல்லாமை, கள்ளாமை, பிறன்மனை நாடாமை, பொய்யாமை, கள்ளுண்ணாமை. ஐந்துக்கும் வள்ளுவரும் அதிகாரம் வைத்திருக்கிறார். ஒன்று மட்டும் எனக்குப் பிடித்தது: அதில் 'செய்யாதே' என்று யாரும் அதட்டுவதில்லை. விலகி நிற்கப் பழகுகிறேன் என்று நாமே நமக்குச் சொல்லிக்கொள்வது. பழக்கம்தான், நாற்றுப் பறிக்கிற மாதிரி.

நான் பழகாத கதை ஒன்று உண்டு. உன்னிடம் சொன்னதில்லை.

நம் கீழண்டை வயலுக்கும் மாமா வயலுக்கும் நடுவில் ஒரு வரப்பு. ஒவ்வொரு வருஷமும் நடவுக்கு முன்னால் அண்டை வெட்டுகிறோம் இல்லையா? நம் பக்கம் மண்வெட்டியை ஒரு விரக்கடை உள்ளே விட்டு வெட்டி, அந்தச் சேற்றை எதிர்ப்பக்கம் அப்பினால் போதும், வரப்பு தானாக நகரும். ஒரு வருஷத்தில் கண்ணுக்குத் தெரியாது. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாளில் ஏழெட்டு வருஷம் இப்படிச் செய்தேன். மொத்தம் அரைச் சாணுக்கு மேல் வந்திருக்கும். அதில் என்ன விளைந்துவிடும்? ஒரு மூட்டை தேறாது. ஆனால் அந்த வரப்பில் நடக்கும்போதெல்லாம் மாமா தலை தெரிகிறதா என்று பார்ப்பேன். டீக்கடையில் அவர் இருந்தால் ஏதாவது வேலை சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள் காலை, நம் வீட்டு ஓட்டின்மேல் தென்னை விழுந்து கிடந்தது. அவர் வீட்டுக் கொல்லையிலும் மரம் சாய்ந்திருந்தது. அதை அப்படியே போட்டுவிட்டு, அரிவாளோடு முதலில் நம் வீட்டுக்கு வந்தார். மட்டையை வெட்டி இழுத்துப் போட்டுவிட்டு, அம்மா கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த கோடையில் கயிறு பிடித்து, வரப்பைப் பழைய இடத்துக்கே வெட்டிப் போட்டேன். மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "எனக்கு அப்பவே தெரியும்ப்பா. ரெண்டு முடி நாத்து நடுற எடம், அதுக்குப் போயி ஒன்னக் கேக்கறதா?" என்றார். அவருக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அத்தனை வருஷமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது!

நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் இருந்தது உனக்குத் தெரியும். கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசன் கட்டியதற்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தான், 97 வேலிக்கு மேல். அந்தச் செப்பேடு பிற்பாடு ஹாலந்தில் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் எல்லைக் கணக்கு நீளமாக வருகிறது: எந்த வாய்க்காலுக்கு மேற்கு, எந்த வரப்புக்குத் தெற்கு என்று. பெண் யானையை நடக்கவிட்டு, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை காட்டியிருக்கிறார்கள். புத்தர் கோயில் நிலத்துக்கு அப்படி. விகாரத்தில் மிச்சம் நின்ற கோபுரத்தையும் 1867-ல் இடித்துவிட்டார்கள். கீழ்வேளூர்ப் பக்கம் புத்தமங்கலத்தில் புத்தர் சிலையாக இன்னும் உட்கார்ந்திருக்கிறார். பஸ்ஸில் போனால் ஒரு தரம் இறங்கிப் பார்.

ஆபீஸ் கணக்கில் நீ என்ன செய்யவேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. வேலை போனால் தவணை எப்படிக் கட்டுவது என்ற பயம் எனக்கும் இருக்கிறது. பணம் வேண்டுமானால் கேள், குறுவை நெல் போட்ட காசு பேங்கில்தான் இருக்கிறது.

இந்த வருஷம் மாமாவின் மகன் அண்டை வெட்டினான். நேற்றுப் போய்ப் பார்த்தேன், வரப்பு நம் பக்கம் ரெண்டு விரல் வந்திருக்கிறது. கேட்கலாம் என்று வாயெடுத்தேன். மாமா திண்ணையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா வந்துவிட்டேன்.

அம்மா மோர்மிளகாய் கட்டி வைத்திருக்கிறாள், நாளைக்குக் கூரியரில் போடுகிறேன்.

அப்பா