ஜிங்கோயிசத்துக்குத் தமிழில் என்ன போடுவது?

அன்புள்ள சந்திரனுக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள் என்றதில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மொழிபெயர்ப்பில் 'ஜிங்கோயிசம்' வரும் இடமெல்லாம் 'தீவிர தேசபக்தி' என்று போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். போருக்குத் தூபம் போடுகிறவர்களைச் சாடப் பிறந்த சொல் அது.

1877-78இல் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போர். ரஷ்யப் படை துருக்கியின் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளை நெருங்கவே, ரஷ்யாவை எதிர்த்துப் போரில் இறங்க வேண்டும் என்று லண்டன் கொதித்தது. ஹண்ட் எழுதி, மெக்டெர்மாட் மியூசிக் ஹால் என்ற கேளிக்கை அரங்கின் மேடையில் பாடிய பாட்டு ஒன்று ஊரெங்கும் பரவியது. சண்டைக்கு எங்களுக்கு ஆசையில்லை, ஆனால் ஜிங்கோ மேல் ஆணை, இறங்கினால் கப்பல் இருக்கிறது, ஆள் இருக்கிறது, பணமும் இருக்கிறது என்பது அதன் பல்லவி. 'ஜிங்கோ' பழைய ஆணைச்சொல்தான். கடவுள் பெயரை எடுக்காமல் சத்தியம் செய்ய உதவியது. 1694இல் வந்த, பிரெஞ்சு எழுத்தாளர் ரபேலேயின் ஆங்கில மொழிபெயர்ப்பிலேயே இருக்கிறது. பாஸ்க் மொழியில் கடவுளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள்; சான்று போதாது, அடிக்குறிப்பில் சேர்க்காதே.

போரை எதிர்த்த முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் வீட்டு ஜன்னல்களை ஒரு கும்பல் உடைத்தது. 1878 மார்ச்சில் எழுத்தாளர் ஜார்ஜ் ஹோலியோக், டெய்லி நியூஸ் நாளிதழுக்கு எழுதிய கடிதத்தில் இப்படிப்பட்டவர்களை 'ஜிங்கோக்கள்' என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது.

பாட்டு 'ஆசையில்லை' என்று தொடங்குவதைக் கவனி. சமாதானம் பேசிக்கொண்டே பலத்தை எண்ணிக் காட்டுவதுதான் ஜிங்கோயிசத்தின் அடையாளம். 'ஆள் இருக்கிறது' என்றார்களே, அப்போதைய பிரதமர் டிஸ்ரேலியின் அரசு மத்தியதரைக் கடல் தீவான மால்டாவுக்குக் கொண்டுபோனது இந்தியாவிலிருந்து சுமார் 7000 பேரை! மேடைக்கு முன்னால் கைதட்டியவர்களுக்காகச் சாகக் காத்திருந்தவர்கள் நம் நாட்டுச் சிப்பாய்கள். இதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை. ஐரோப்பிய வல்லரசுகள் கூடிய பெர்லின் மாநாட்டில் விவகாரம் முடிந்ததால் பிரிட்டன் போரில் இறங்காமலே தப்பியது.

'பேரினவாதம்' என்றும் போடாதே. அது, தன் இனமே உயர்ந்தது என்னும் ஷோவினிசத்துக்கு நிலைத்துவிட்டது. இலங்கைத் தமிழில் பெரும்பான்மை இனம் உள்நாட்டிலேயே செலுத்தும் ஆதிக்கத்தைத்தான் அது சுட்டும். ஜிங்கோயிசம் அயல்நாட்டை நோக்கி மீசை முறுக்குவது. முதல் இடத்தில் ஒலிபெயர்த்து 'போர்வெறித் தேசியம்' என்று விளக்கிவிடு, பிறகு தமிழ்ச்சொல்லே போதும். வெறுமனே கொடி பிடிப்பவர்களைப் பற்றி வரும் இடங்களில் இரண்டும் வேண்டாம்.

திருத்திய பக்கங்களை அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
ராகவன்