பிட்ஸ்பர்க்: கோயிலோடு திரும்பிவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்குப் பிட்ஸ்பர்க் என்றால் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயில்தான். தரிசனம், கேன்டீனில் புளியோதரை, உடனே வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். பயணக் கட்டுரைகளும் அதற்கு மேல் வழி சொல்வதில்லை. நியூ ஜெர்சியிலிருந்து அவ்வளவு தூரம் ஓட்டி வருகிறவர்கள் ஓர் இரவு தங்கலாம். எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

பென்சில்வேனியா டர்ன்பைக் என்ற சுங்கச் சாலையில் கிழக்கிலிருந்து வரும்போது 91-ஆம் எக்ஸிட்டான டோனகல் முதலில் வரும். அங்கே இறங்கித் தெற்கே சுமார் 30 கி.மீ. போனால் ஃபாலிங்வாட்டர்: 1935-இல் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் அருவியின் மேலேயே வடிவமைத்த வீடு, 2019 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. இதை முடித்துக்கொண்டு மேற்கே 57-ஆம் எக்ஸிட்டில் இறங்கினால் மாலைத் தரிசனத்துக்குக் கோயில் பக்கம். எக்ஸிட் எண்கள் மைல் கணக்கு. நேரே கோயிலுக்குப் போய்விட்டு ஃபாலிங்வாட்டருக்குத் திரும்பினால் டர்ன்பைக்கில் மட்டும் போக வர 68 மைல் வீண், சுங்கம் வேறு. ஈ-இஸட் பாஸ் (சுங்கத்தைத் தானாகக் கழிக்கும் கருவி) இல்லாத வண்டிக்கு அந்தச் சுங்கம் ஏறக்குறைய இரட்டிப்பு.

ஃபாலிங்வாட்டருக்கு நேரம் குறித்த சீட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும். நியூ ஜெர்சியிலிருந்து காலை 6 மணிக்குக் கிளம்புகிறவர்கள் பிற்பகல் 1 மணிக்கு முந்தைய நேரத்துக்குச் சீட்டு எடுக்காதீர்கள். புதன்கிழமை விடுமுறை. 6 வயதுக்குக் கீழான குழந்தைகளை வீட்டுக்குள் விடமாட்டார்கள். பேரப்பிள்ளையோடு போய் வாசலில் ஒருவர் உட்கார நேர்வது இதனால்தான். உள்ளே படிகள் குறுகல், கூரை தாழ்வு. முழங்கால் வலிக்காரர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அந்தக் காட்டில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. சீட்டையும் வரைபடத்தையும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் ஊருக்குள். கோயில் பக்கமிருந்து 376-ஆம் நெடுஞ்சாலையில் போனால் ஸ்குவிரல் ஹில் சுரங்கப்பாதை வாயிலில் வண்டிகள் வேகம் குறைத்து, பின்னால் நெடுகத் தேங்கும். காலை ஒன்பதரைக்குப் பிறகு கிளம்புங்கள். அலிகேனியும் மொனாங்கஹீலாவும் கூடி ஓஹையோ ஆறாகும் முனையைக் கரையில் நின்று பார்த்தால் பாதிதான் தெரியும். 1877-இல் தொடங்கிய டுகேன் இழுவை ரயிலில் மலையேறி, சூரியன் சாய்வதற்கு அரை மணி முன் மேலே நின்றுவிடுங்கள். டவுன்டவுனுக்குள் ‘டி’ எனும் நகர ரயில் இலவசம். வண்டியை ஒரே இடத்தில் விட்டுவிடலாம், உள்ளூர் அமெரிக்கக் கால்பந்து அணியான ஸ்டீலர்ஸின் ஆட்டம் இல்லாத நாளாக இருந்தால். ஆட்ட நாளில் பார்க்கிங் விலை கண்டபடி ஏறும்.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் 42 மாடிக் கதீட்ரல் ஆஃப் லேர்னிங்கில் நாளந்தாவை மாதிரியாகக் கொண்ட இந்திய அறை உண்டு. வகுப்பு நடக்கும் அறை என்பதால் வார நாளில் போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்க நேரலாம். சனி, ஞாயிறே சரி.

இப்படிக்கு,
பிட்ஸ்பர்க் வாசகர் ஒருவர்