கழன்று வரும் பல்: லேப் நடத்துகிறவர்களுக்கும் டாக்டர்களுக்கும் ஒரு மடல்

பல் லேப் வைத்திருக்கும் நண்பர்களுக்கும், பல் செட் ஆர்டர் கொடுக்கும் டாக்டர்களுக்கும் வணக்கம்.

இருபது வருஷமாகப் பல் செட் செய்கிறேன், அதில் பாதி நாள் வேறு லேபில் செய்த செட்டை ரிப்பேர் பார்த்தே போயிருக்கிறது. போன வாரம் ஒரு பாட்டி வந்தார்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு முன்பல்லை எடுத்து என் கையில் வைத்தார்கள். பேத்தி கல்யாணத்துக்கு நாலு நாள்தான் இருந்தது. "முறுக்குகூடக் கடிக்கலப்பா, இட்லிதான் சாப்பிட்டேன்" என்று ஏதோ தப்பு செய்த பிள்ளை மாதிரி சொன்னார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

செட்டில் அந்தப் பல் இருந்த குழியை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது, பல்லின் அடியில் பிங்க் அக்ரிலிக் ஒரு துணுக்குகூட இல்லை. நன்றாகப் பிடித்த பல் என்றால் வரும்போது கொஞ்சம் பிங்க்கையும் பிய்த்துக்கொண்டு வரும், இல்லையென்றால் பல்லே உடைந்து பாதி பேஸில் (ஈறு மாதிரி இருக்கும் பிங்க் அடிப்பாகத்தில்) நிற்கும். இப்படி வழுவழுவென்று கழன்றால் அது முதல் நாளிலிருந்தே ஒட்டவில்லை என்று அர்த்தம்.

பல்லும் அக்ரிலிக், பேஸும் அக்ரிலிக். பேக் செய்யும்போது, அதாவது அக்ரிலிக் மாவை அச்சில் அடைக்கும்போது, அதிலுள்ள மோனோமர் என்ற திரவம் பல்லின் அடியில் ஊறி, வேகும்போது பேஸோடு பின்னிக்கொள்ள வேண்டும். பல்லை முதலில் மெழுகில்தான் அடுக்குகிறோம், அந்த மெழுகு நடுவில் படலமாக மிஞ்சினால் எங்கே ஊறும்? பத்து பிளாஸ்க் (பிளாஸ்டர் அச்சு இருக்கும் பெட்டி) மெழுகு ஏற்கனவே மிதக்கும் அதே தண்ணீரை ஊற்றிவிட்டு டீவாக்ஸ் (மெழுகை உருக்கி எடுப்பது) முடிந்தது என்கிறோம், பார்க்க சுத்தமாகத்தான் தெரியும். சோப்புத்தூள் போட்ட கொதிநீரில் ஒரு தடவை, அப்புறம் புதிதாகக் கொதிக்கவைத்த தண்ணீரில் ஒரு தடவை கழுவுங்கள், கூடுதலாகச் சில நிமிடங்கள்தான் ஆகும். அடுத்தது கோல்டு மோல்டு சீல். அக்ரிலிக் பிளாஸ்டரில் ஒட்டக்கூடாது என்று போடுவது அது, பிரஷ்ஷை முக்கி மோல்டு முழுக்க இழுத்தால் பல்லிலும் படும், அங்கேயும் அதே வேலையைத்தான் செய்யும்.

இன்னொன்று. தேயாத பல் வேண்டும் என்று மூலக்கூறுகளைக் குறுக்கே இறுகப் பிணைத்துச் செய்கிறார்கள், அதில் மோனோமர் லேசில் இறங்காது. அதனால் பல பற்களில் அடிப்பகுதியில் மட்டும் அந்தப் பிணைப்பைக் குறைத்து வைத்திருப்பார்கள். பல் அடுக்கும்போது இடம் பத்தவில்லை என்று அடியை எக்கச்சக்கமாகத் தேய்த்தால் ஒட்டக்கூடிய பகுதியே போய்விடும். பளபளப்பு போகிற அளவுக்கு மட்டும் தேய்த்து, பர்ரால் (குடையும் முனை) சின்னதாக ஒரு பள்ளம் எடுத்து, மோனோமர் தடவி, காய்வதற்குள் பேக் செய்யுங்கள்.

டாக்டர்களிடம் ஒரே வேண்டுகோள். இன்றைக்கு ட்ரையல், நாளைக்குக் காலையில் டெலிவரி என்று அவசரப்படுத்தாதீர்கள். 74 டிகிரியில் 8 மணி நேரம் வேகவேண்டியதை நாங்கள் அவசர அவசரமாகக் கொதிக்கவைத்து எடுக்கிறோம், மேலே சொன்ன கழுவுதலும் தேய்த்தலும் முதலில் அடிபடுகிறது. பல் கழன்று வந்தால், பேஷண்ட் எதையோ கடித்துவிட்டார் என்று சொல்வதற்கு முன்னால் அந்தக் குழியைப் பாருங்கள். பளபளப்பாக இருந்தால் லேபைக் கூப்பிட்டுக் கேளுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். 1994-ல் பிரிட்டனில் வெளியான ஒரு ஆய்வில் ரிப்பேருக்கு வந்ததில் 33 சதவீதம் பல் கழன்ற செட்டுகள். த்ரீடி பிரிண்ட் வந்தாலும் பல்லையும் பேஸையும் தனித்தனியாக அச்சிட்டு ஒட்டும் வரைக்கும் இந்தத் தொல்லை இருக்கத்தான் செய்யும்.

பாட்டியின் பல்லை, குழியைச் சொரசொரப்பாக்கி, மோனோமரில் நனைத்து செல்ஃப் க்யூரில் (வேகவைக்காமல் தானே இறுகும் அக்ரிலிக்) ஒட்டிக் கொடுத்தேன். வேகவைத்து இறுக்கும் ஹீட் க்யூர் அளவுக்கு அது பிடிக்காது. மற்ற பற்களும் அதே கையால் அடுக்கியவைதான், அதனால் கல்யாணம் முடிந்ததும் செட்டை எடுத்துக்கொண்டு மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.