மாதுவுக்கு, கிருஷ்ணகிரியிலிருந்து

அன்புள்ள மாது,

உன்னை ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள், ரெண்டு இட்லி சாப்பிட்டாய் என்று மாப்பிள்ளை போனில் சொன்ன பிறகுதான் எனக்கும் சோறு இறங்கியது. ஒரு அடைப்பு என்று உள்ளே போனவனுக்கு மூன்று பைபாஸ் போட்டிருக்கிறார்கள் என்றதும் வீட்டில் ரொம்பப் பயந்துவிட்டாள். நான்தான் சமாதானம் சொன்னேன்: நம்ம கிருஷ்ணகிரி அணை, கே.ஆர்.பி. டேமில் நடக்காததா? 2017-ல் உடைந்தது ஒரு மதகு, கடைசியில் எட்டையுமே புதிதாக மாற்றினார்கள். அந்த வேலை முடிகிற வரைக்கும் முழு மட்டமான 52 அடிக்குத் தண்ணீர் தேக்கவில்லை என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள். உனக்கும் இப்போது அதே உத்தரவுதான்.

போனில் பேசலாம்தான். ஆனால் நான் ஒன்று கேட்டால் நீ பத்து பதில் சொல்வாய், சிரிப்பாய், நெஞ்சு வலிக்கும். கடிதம் என்றால் வாயை மூடிக்கொண்டு படித்துத்தானே ஆக வேண்டும்?

தர்மபுரியில் என் பெரிய மச்சான் இருக்கிறாரே (2004-ல் ஜில்லா பிரிந்தும் அவர் இன்னும் கிருஷ்ணகிரியைத் தன் ஜில்லாவில்தான் சேர்த்துப் பேசுகிறார்), அவருக்கும் போன வருஷம் இதே ஆபரேஷன்தான். ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவன் நான், அதனால் கொஞ்சம் அனுபவம் உண்டு. இருமல், தும்மல் வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள். மூன்று உருண்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று உன்னிடமும் கொடுத்திருப்பார்களே, குழாயில் மூச்சை இழுத்தால் உருண்டை மேலே ஏறுமே, அது. மச்சான் அதைக் குழந்தை விளையாட்டு என்று ஜன்னலோரம் வைத்துவிட்டார். நர்ஸம்மா பார்த்துவிட்டு, "நுரையீரலில் சளி கட்டி நிமோனியா வந்தால் யார் பார்க்கிறது?" என்று ஒரே அதட்டு. அப்புறம் மூன்றாவது உருண்டை ஏறிய அன்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார் மனுஷன்.

உடம்பைப் பற்றி டாக்டர்கள் சொல்லிவிடுவார்கள். மனசு ஆடுவதைப் பற்றி மச்சானிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் உன்னிடம் நான் சொல்கிறேன். அவர் புளி மண்டி நடத்தினவர், தராசு முள் ஒரு நூல் சாய விடமாட்டார். வீட்டுக்கு வந்த புதிதில் ஒருநாள் காபியில் சர்க்கரை இல்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா பயந்துபோய் எனக்குப் போன் செய்தாள். ராத்திரி தூக்கமில்லை, எதுவும் ருசிக்கவில்லை, யார் பேசினாலும் எரிச்சல். மறுபடி காட்டப் போனபோது டாக்டரிடம் கேட்டோம். இதய ஆபரேஷன் முடிந்தவர்கள் நிறையப் பேருக்கு இப்படி வரும், பெரும்பாலும் சில வாரத்தில் தானாகத் தெளியும், விடாமல் நீடித்தால் மட்டும் வந்து சொல்லுங்கள் என்றார். அதே மாதிரி தெளிந்தும் விட்டது. உனக்கு வந்தால் மறைக்காதே. நீ மறைப்பாய், எனக்குத் தெரியும். தங்கச்சியிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் எனக்குச் சொல்.

இன்னொன்று. இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாற்றைக் காய்ச்சித் தேன் கலந்து குடித்தால் அடைப்பு கரையும் என்று இதற்குள் நாலு பேராவது வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். அடைப்பைத்தான் தாண்டி வழி போட்டாயிற்றே, இனி எதைக் கரைக்கப் போகிறார்கள்? ரசத்தில் ரெண்டு பல் பூண்டு விழுந்தால் பரவாயில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவன் சாறு சாறாகப் பூண்டைக் குடிப்பது ஆபத்து. மாத்திரையை மட்டும் நீயாக நிறுத்தாதே.

ஊரில் மாங்காய் சீசன். மாம்பழக்கூழ் ஃபேக்டரிகளுக்குத் தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் போய்க்கொண்டிருக்கின்றன. எப்போதும் போல விலை கட்டவில்லை என்ற புலம்பல்தான், நம் தோப்பிலும் அதே கதை. உனக்குச் செந்தூரா ஒரு பெட்டி அனுப்பலாம் என்று எடுத்தும் வைத்தேன். சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று உன் மகள் தடுத்துவிட்டாள். பெட்டியை இங்கேயே காலி செய்துவிட்டோம், மன்னித்துக்கொள்.

பள்ளிக்கூட நாளில் சையத் பாஷா மலையில் எங்களையெல்லாம் பாதியில் விட்டுவிட்டு ஓடி ஏறினவன் நீ. இப்போது அந்த வேகத்தைக் காட்டாதே. பிளந்த நெஞ்செலும்பு கூடுவதற்கே ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும் என்கிறார்கள். அதுவரை தண்ணீர் கேனையோ பேத்தியையோ தூக்கக் கூடாது, டாக்டர் சொல்லும் வரை ஸ்கூட்டர் சாவியும் மாப்பிள்ளையிடமே இருக்கட்டும். பைபாஸுக்காக ரத்தக்குழாய் எடுத்த கால் வீங்கினால் உட்காரும்போது உயரத் தூக்கி வைத்துக்கொள். காய்ச்சல் அடித்தாலோ, தையல் போட்ட இடத்தில் கசிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்கிறேன். தங்கச்சியிடம் கொடு. வராந்தாவில் எத்தனை சுற்று நடந்தாய் என்று அவளிடம்தான் கேட்பேன், உன் கணக்கை நான் நம்புவதாக இல்லை.

உன்,
கோவிந்து